நெஞ்சு படபடத்தால் அது பயமா?

கரடியைக் கண்டோம், பயந்தோம், ஓடினோம். இதுதான் நாம் எல்லோரும் நம்பும் வரிசை. 1884இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அதைத் தலைகீழாக்கினார். முதலில் உடல் பதறுகிறது. அந்தப் பதற்றத்தை உணர்வதே பயம் என்றார். மறு ஆண்டே டென்மார்க்கில் மருத்துவர் கார்ல் லாங்கேயும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார்.

உடலியலாளர் வால்டர் கேனன் 1927இல் இதைக் கடுமையாக மறுத்தார். பயத்திலும் கோபத்திலும் உள்ளுறுப்புகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இயங்குகின்றன. காய்ச்சலிலும் இதயம் வேகமெடுக்கிறது. பிறகு எது பயம், எது கோபம் என்று உடல் எப்படிப் பிரித்துச் சொல்லும்? ஸ்பெயின் மருத்துவர் மாரன்யோன் 210 பேருக்கு அட்ரினலின் ஊசி போட்டு 1924இல் வெளியிட்ட ஆய்வு கேனனுக்குக் கைகொடுத்தது. பெரும்பாலோர் நடுக்கம், படபடப்பு என்று உடலில் நடந்ததை மட்டுமே சொன்னார்கள். சிலர் பயந்தது போல இருக்கிறது என்றார்கள். உண்மையிலேயே பயந்தவர்கள் மிகச் சிலரே.

உணர்ச்சி முழுமையடைய வேறு என்ன வேண்டும்? 1962இல் உளவியலாளர்கள் ஷாக்டரும் சிங்கரும் விடை தேடினார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவர்கள் 184 பேரிடம், பார்வைத்திறனைச் சோதிக்கும் வைட்டமின் ஊசி என்று பொய் சொன்னார்கள். பலருக்குப் போட்டது அட்ரினலின். மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். படபடப்பு வரும் என்று சிலருக்கு முன்கூட்டியே சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். அங்கே இருந்த இன்னொருவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். சில அறைகளில் அவர் காகித விமானம் விட்டுக் கும்மாளமிட்டார். சில அறைகளில், குடும்பத்தை இழிவுபடுத்தும் கேள்விகள் நிறைந்த வினாத்தாளைக் கோபத்தோடு கிழித்தெறிந்தார். படபடப்பின் காரணம் தெரியாதவர்கள் சூழலைப் பார்த்து அதற்கு மகிழ்ச்சி என்றோ கோபம் என்றோ பொருள் கொள்கிறார்கள் என்பது இருவரின் முடிவு.

அழகான கருத்துதான். தரவு அந்த அளவுக்கு இடம் கொடுக்கவில்லை. காரணம் தெரியாதவர்களுக்கும் உப்புநீர் ஊசி பெற்றவர்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. 1979இல் உளவியலாளர்கள் மார்ஷலும் ஜிம்பார்டோவும் அந்தச் சோதனையை மீண்டும் செய்து பார்த்தபோது, விளங்காத படபடப்பு உற்சாகத்தைக் கூட்டவில்லை. மனத்தைச் சங்கடப்படுத்தும் பக்கமே சாய்ந்தது.

உடல் மாற்றமே உணர்ச்சியைத் தருகிறது என்ற ஜேம்ஸின் கருத்தை ஒட்டி, முகபாவம் பற்றி நடந்த ஆய்வுகளுக்கும் இதே கதி. பேனாவைப் பல்லால் கடித்து முகத்தைச் சிரிப்பது போல வைத்துக்கொண்டால் கேலிச்சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாகத் தோன்றும் என்றது 1988இல் வந்த ஆய்வு. 2016இல் 17 ஆய்வகங்கள் முயன்றும் அந்த விளைவு கிடைக்கவில்லை. 19 நாடுகளில் 3,878 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, சிரித்த முகத்தைப் பார்த்து அதுபோலச் செய்தால் மகிழ்ச்சி சற்றே கூடுகிறது என்றது. பேனா முறையின் விளைவு அதிலும் தெளிவாகவில்லை.

ஜேம்ஸ் முற்றிலும் தோற்கவில்லை. கேனனின் கேள்வியும் இன்னும் தீரவில்லை. தமிழில் உளவியல் நூல் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: 1962இன் சோதனையை விவரிக்கும் பக்கத்திலேயே 1979இன் மறுசோதனையையும் எழுதுங்கள்.