மலையேறியும் ஜெயிக்காதவன்

விஜய் சேதுபதி கதை உங்களுக்கு மனப்பாடம். பி.காம். படித்தார். துபாயில் கணக்கு எழுதினார். ஊர் திரும்பி, கூத்துப்பட்டறையில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே நடிகர்களைக் கவனித்தார். 'புதுப்பேட்டை'யில் (2006) கும்பலில் ஒருத்தர். 'நான் மகான் அல்ல'வில் (2010) ஹீரோவின் நண்பர். அதே வருஷக் கடைசியில், தேனி மண்ணில் நடக்கும் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் சீனு ராமசாமி அவரைக் கதாநாயகன் ஆக்கினார்.

'பார்த்தீங்களா, விடாமுயற்சி!' என்று இங்கே கை தட்டுவோம். கொஞ்சம் பொறுங்கள். படத்தை இன்னொரு தடவை பாருங்கள். அது ஹீரோ படமே இல்லை, அம்மா படம். தேசிய விருதுகளும் சிறந்த தமிழ்ப் படம், நடிகை சரண்யா, பாடலுக்கு வைரமுத்து என்றுதான் வந்தன. ஆனால், ஆடு மேய்க்கும் முருகையனாக அவர் ஒரு காரியம் செய்கிறார். சரண்யா பேசும்போது சும்மா கேட்டுக்கொண்டு நிற்கிறார். முதல் தடவை ஹீரோ ஆகிறவருக்கு முண்டியடிக்கத் தோன்றுமே, அது இல்லை. கூட்டத்தில் நின்ற வருஷங்கள் சொல்லித் தந்த பாடம் அது என்றே எனக்குப் படுகிறது.

இப்போது 2018-க்கு வாருங்கள். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தயாரிப்பு, அதே விஜய் சேதுபதி. தேனிப் பக்கத்து ரெங்கசாமி (ஆண்டனி) மூட்டை சுமந்து மலை ஏறுகிறான். ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறுகிறது. மறுபடி ஏறுகிறான். நிலம் வருகிறது, கடன் அதைத் தின்கிறது. கடைசியில், தன் நிலத்தில் முளைத்த காற்றாலைக்கே வாட்ச்மேன்!

சங்கம் பற்றிய காட்சிகளில் படம் கொஞ்சம் பிரசாரமாகப் பேசுகிறது, வாஸ்தவம். ஆனால் அந்தக் கடைசிக் காட்சியில் யாரும் எதையும் விளக்கவில்லை. அதனால்தான் வலிக்கிறது. முயற்சியில் ரெங்கசாமி யாருக்குக் குறைச்சல்? ஒருவரை நம்பிப் படம் கொடுக்க ஆள் கிடைத்தது. இன்னொருவனுக்குக் கடன்தான் கிடைத்தது.

கம்பத்திலிருந்து நடிப்புக் கனவோடு சென்னைக்கு பஸ் ஏறும் பையனைத் தடுக்காதீர்கள். ஆனால், முதல் கதையை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஏழு வருஷம் கழித்து வெறுங்கையோடு வந்து இறங்கினால், 'நீ ஒழுங்கா முயற்சி பண்ணலை' என்று ஊர் சொல்லக்கூடாது இல்லையா?

நானும் பி.காம்.தான். வரவுப் பக்கத்தை மட்டும் எழுதினால் அதற்குக் கணக்கு என்று பேர் கிடையாது.