எதிரொலி கேட்காத செய்திகள்

2024 ஜூன் 11 காலை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தை அடுத்த புதுநகரில் வீட்டுக் கழிவறைக்குள் போன மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் அங்கேயே சுருண்டார். அதே பகுதியைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமியும் அப்படியே விழுந்தாள். பாதாளச் சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வந்த விஷவாயு மூவரையும் கொன்றது. சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளி மூச்சுத் திணறிச் சாவது இந்த நாட்டில் திரும்பத் திரும்ப அச்சாகும் செய்தி. சொந்த வீட்டில் இருந்தவர்கள் சாக்கடை வாயுவால் செத்ததைப் பலரும் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்குத் தொலைக்காட்சி வண்டிகள் எல்லாம் புதுநகரில்தான் நின்றன.

எட்டு நாள் கழித்து, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகத் தொடங்கினார்கள். உயிரிழப்பு 60-ஐத் தாண்டியது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கேமராக்களும் கோரிமேட்டுக்கு வந்தன. புதுநகருக்கும் கோரிமேட்டுக்கும் ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆனால் செய்தி உலகில் அந்தத் தூரத்தைத் திரும்பிக் கடப்பது எளிதல்ல.

இதில் சதி எதுவும் இல்லை. பத்திரிகைக்குப் பக்கங்கள் எண்ணி வைத்தவை. சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும் நாளில் முதல் பக்கத்தை அதற்குத்தான் கொடுக்க வேண்டும். புதுநகரில் அடுத்து எழுதவேண்டிய செய்தியோ மிகவும் சலிப்பூட்டக்கூடியது. கழிவறைக் கோப்பைக்கும் சாக்கடைக் குழாய்க்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும்படி ஒரு வளைவு வைப்பார்கள். வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான். எத்தனை வீடுகளில் அந்த வளைவு இருக்கிறது, இணைப்புக் கொடுத்தபோது அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார், தெருக்குழாயில் வாயு வெளியேற வழி உண்டா என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும், நாற்றம் அடங்கியதென்று நம்பி நிற்பவர்தான் விழுவார் என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவும் உயிர் காக்கும் தகவல். ஆனால் ‘பரபரப்பு’ என்று தலைப்பில் போட இதில் ஒன்றும் இல்லை.

ஆச்சரியச் செய்திகளின் குணமே இதுதான். முதல் நாள் முழுப் பலத்தோடு வரும். பிறகு கேட்கவேண்டியவை எல்லாம் குழாய், கோப்பு, ஆய்வகம், வாய்தா என்று இறங்கிவிடும். வாசகர் நகர்ந்துவிடுகிறார் என்று பத்திரிகை சொல்கிறது. பத்திரிகை நகர்ந்துவிட்டது என்று வாசகர் சொல்கிறார். இரண்டுமே உண்மைதான்.

தமிழ்நாட்டில் இதற்கு நாட்றம்பள்ளியை மிஞ்சிய உதாரணம் இல்லை. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் சத்தம் கேட்டது. தரையில் பள்ளம் விழுந்தது. பேருந்துகளின் கண்ணாடிகளும் கட்டடத்தின் சன்னல்களும் நொறுங்கின. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். கட்டுமான வேலைக்காக வைத்திருந்த வெடிமருந்து வெடித்திருக்கலாம் என்பதுதான் தொடக்கத்தில் எழுந்த சந்தேகம். மறுநாளே முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது: விண்கல் விழுந்து ஓட்டுநர் இறந்தார், குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். அவ்வளவுதான். விண்கல் தாக்கி மனிதர் இறந்ததாக உறுதி செய்யப்பட்ட சம்பவம் அண்மைக் கால வரலாற்றில் இல்லை என்பதால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் நாட்றம்பள்ளியை எழுதின. சில நாட்களில் அமெரிக்காவின் நாசா, வெளியான படங்களைப் பார்த்தால் இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றது. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகளும் விண்கல் என்பதைச் சந்தேகித்தார்கள்.

சந்தேகம் வந்ததும் செய்தி பெரிதாகியிருக்க வேண்டும். சுருங்கிவிட்டது. விண்கல் என்றால் அது விதி. யாரையும் கேட்க முடியாது. வெடிப்பு என்றால் அது குற்றம், அல்லது குறைந்தபட்சம் அலட்சியம். மாணவர்கள் நடமாடும் வளாகத்தில் வெடிப்பொருள் எப்படி வந்தது, யாருடையது, உரிமம் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். அதாவது ஆச்சரியம் விலகிய இடத்தில்தான் பொறுப்பு தொடங்குகிறது. பெரும்பாலான பத்திரிகைகள் சரியாக அந்த இடத்தில் இறங்கிக்கொண்டன. விண்கல்லால் இறந்த மனிதர் என்ற தகவல் மட்டும் இன்றும் பொது அறிவுத் துணுக்குகளில் வலம் வருகிறது.

ஒரு வியப்பு முடிவை எட்ட எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ராமர் பிள்ளை சாட்சி. ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த அவர் 1996-ல் மூலிகையைத் தண்ணீரில் போட்டுப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னபோது நாடே வாய்பிளந்தது. தில்லி வரை போய்ச் செய்துகாட்டினார். சென்னை ஐ.ஐ.டி. சோதனையில் வித்தை பலிக்கவில்லை. அப்புறமும் அந்த எரிபொருள் விற்பனைக்கு வந்தது; 2000-ல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில்தான் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. தொடக்கத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே இருபது ஆண்டுகள். ‘பாவம், பெட்ரோல் கம்பெனிக்காரர்கள் அந்த மனுஷனை அமுக்கிவிட்டார்கள்’ என்று டீக்கடையில் இப்போதும் ஒருவர் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1996-ஐ முதல் பக்கத்தில் படித்தவருக்கு 2016 கண்ணிலேயே படாமல் போயிருக்கலாம்.

முடிவு வராத செய்தி சும்மா கிடப்பதில்லை, வதந்தியாக வளர்கிறது. 2016 மே 14, தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், திருப்பூர் மாவட்டத்தில் மூன்று கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகும் வங்கிப் பணம் என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூலையில் சி.பி.ஐ.யின் முதற்கட்ட விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன்பின் ‘கண்டெய்னர்’ என்பது அரசியல் மேடையில் ஒரு நக்கல் சொல்லாக மட்டும் மிஞ்சியது. பணம் கணக்கில் உள்ளதுதான் என்றால் வங்கிக்கு வந்த கறை இப்படியே நிற்கிறது; இல்லை என்றால் தவறு செய்தவர் இப்படியே தப்புகிறார். தொடர்ச்சி இல்லாத செய்தி நிரபராதி, குற்றவாளி இரண்டு பேருக்கும் ஒரே நீதியைத்தான் வழங்குகிறது.

நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-ல் உளவாளி என்று கைதானபோது கதைகதையாக எழுதியவர்களில் எத்தனை பேர் 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னபோது தங்கள் பழைய பக்கங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்?

எல்லாச் செய்தியையும் துரத்த வேண்டும் என்பதும் சரியல்ல. 2023 அக்டோபரில் புதுச்சேரிக் கடற்கரையில் கடல் செந்நிறமானது. படம் எடுக்காதவர் இல்லை. நுண்பாசிப் பெருக்கமா, கழிவா என்று விஞ்ஞானிகள் மாதிரி எடுத்தார்கள், பிறகு நீர் தன் நிறத்துக்குத் திரும்பியது. இதைத் தினம் ஒரு செய்தியாக இழுத்திருந்தால் மீனவர் குப்பங்களில் மீன் விலை போகாமல் கிடந்திருக்கும், அதைத் தவிர வேறு பலன் இருந்திருக்காது. கடல்நீரை ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள், முடிவு வந்ததும் ஒருமுறை சரியாகச் சொன்னால் போதும். போன உயிரின் வீட்டு வாசலில் ஆண்டுதோறும் மைக்கோடு போய் நின்று ‘இப்போது எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்பதும் தொடர்செய்தி அல்ல. அந்தக் குடும்பத்தை விட்டுவிடுவதுதான் நாகரிகம். துரத்தவேண்டியது துயரத்தை அல்ல, அந்தத் துயரத்துக்குக் காரணமான கோப்பை.

முதல் நாள் வெளிச்சத்துக்கும் மதிப்பு உண்டு. புதுநகரிலும் கருணாபுரத்திலும் அமைச்சர்கள் விரைந்ததும், நிவாரணம் உடனே அறிவிக்கப்பட்டதும் அந்த வெளிச்சத்தால்தான்.

கோரிமேட்டில் நின்று பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். புதுச்சேரி முடிந்து தமிழகம் தொடங்கும் விளிம்பு அது. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், வெளியே இருக்கும் காவல்துறை யூனியன் பிரதேசத்தினுடையது, படுக்கையில் இருக்கும் நோயாளி விழுப்புரத்துக்காரர் அல்லது கடலூர்க்காரர். புதுச்சேரிப் பதிப்பின் நிருபர், நோயாளி வார்டில் இருக்கும்வரை அவரைப் பற்றி எழுதுவார். அவர் வீட்டுக்குப் போனால் அது வேறு பதிப்பு, வேறு நிருபர். கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். பிழைத்தவர் கண் தெரியாமல் ஊர் திரும்பலாம். ஆனால் செய்தியில் இருப்பவை இரண்டே பட்டியல்: இறந்தோர், சிகிச்சை பெறுவோர். டிஸ்சார்ஜ் ஆனவருக்குப் பத்தி இல்லை.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால்தான் கொன்றது. அப்போதும் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. தொழிற்சாலை ரசாயனம் சாராய வியாபாரி கைக்கு எந்த வழியில் வருகிறது, அதன் இருப்புக் கணக்கை யார் சரிபார்க்கிறார்கள் என்பதை அடுத்த பன்னிரண்டு மாதமும் யாராவது விடாமல் எழுதியிருந்தால் கருணாபுரம் நடந்தே இருக்காது என்று சொல்வது மிகை. ஆனால் ‘நாங்கள் எதிர்பார்க்கவில்லை’ என்று எந்த அதிகாரியாலும் சொல்லியிருக்க முடியாது. கள்ளக்குறிச்சி வழக்கு 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்குப் போனது. அது இன்னும் பேசப்படுவதற்கு நீதிமன்றமும் எதிர்க்கட்சிகளும் விடாமல் பிடித்ததே பெரிய காரணம்.

தமிழ்ப் பத்திரிகைக்குத் தொடர்செய்தி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ‘செய்தி எதிரொலி’ என்று நம் நாளிதழ்கள் ஒரு வகையையே வளர்த்திருக்கின்றன. குப்பை குவிந்ததாக எழுதினோம், அள்ளினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினோம், எரிகிறது. அழகான வழக்கம். ஆனால் வெற்றி பெற்றால் மட்டுமே அது அச்சாகிறது; எழுதியும் அள்ளாத குப்பைக்கு எதிரொலி கிடையாது. தெருவிளக்கைத் தாண்டியும் அது போவதில்லை. காரணம் எளிது. பகுதி நிருபர்கள் பலருக்கு நிரந்தரச் சம்பளம் இல்லை. அச்சான செய்திக்குத்தான் காசு, விளம்பரம் பிடிக்கும் வேலையும் தலையில். மூன்று மாதம் ஒரு கோப்பின் பின்னால் அலைந்து கடைசியில் ‘தவறு எதுவும் இல்லை’ என்று கண்டுபிடித்தால் அவருக்கு என்ன கிடைக்கும்?

ஒரு செய்தியைத் தொடர்ந்து எழுதும் வேலையைப் பத்திரிகையே இல்லாத காலத்தில் புதுச்சேரியில் ஒருவர் செய்துகொண்டிருந்தார். 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1746-ல் வேதபுரீசுவரர் கோயிலுக்குள் அசுத்தம் வீசப்பட்டதை எழுதினார். 1748-ல் அதே கோயில் இடிக்கப்பட்டபோது அதையும் எழுதினார். முதல் செய்தி மட்டும் இருந்திருந்தால் அது ஒரு வம்பு. இரண்டும் இருப்பதால் வரலாறு. பிள்ளைக்குப் பக்கக் கணக்கு இல்லை, போட்டித் தொலைக்காட்சி இல்லை, பதிப்பு எல்லையும் இல்லை என்பது உண்மைதான்.

இன்றைய நிருபரிடம் அவரிடம் இல்லாத கருவிகள் இருக்கின்றன. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வழக்கின் நிலை நீதிமன்ற இணையதளத்தில் கிடைக்கிறது. முதல் நாள் செய்தியிலேயே வழக்கு எண்ணையும், மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போனது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறொரு நிருபரோ வாசகரோ அந்த நுனியைப் பிடித்துக்கொள்ளலாம். இதற்கு இடமும் அதிகம் வேண்டாம், ஆளும் அதிகம் வேண்டாம். தாமதமானால் கேள்வியை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதே மாறிவிடும். நாட்றம்பள்ளி இப்போது வேலூர் மாவட்டத்தில் இல்லை. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்துவிட்டது. 2016 வெடிப்பைப் பற்றி இன்று மனு எழுத உட்காரும் நிருபர், பழைய கோப்பு எந்த ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.