பக்கத்து வாசலின் பாதங்கள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் அபர்டீன், சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டிய ஊர். அங்கே கிரௌன் டெரஸ் என்ற தெருவில் புனித ஜான் எபிஸ்கோப்பல் ஆலயம் இருக்கிறது. அதை ஒட்டியே ஒரு பள்ளிவாசல், சையது ஷா முஸ்தபா ஜாமி மஸ்ஜித். கடல் கடந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் பெருகப் பெருகப் பள்ளிவாசலில் இடம் போதவில்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று, காற்றிலும் மழையிலும் தொழுதார்கள்.

அப்போது ஆலயத்தின் குருவாக இருந்தவர் ஐசக் பூபாலன். தென்னிந்தியாவில் வளர்ந்தவர். விடியலில் காதில் விழும் முதல் ஓசையே பாங்குதான், பள்ளிக்கூடத்துக்கு மசூதியைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று தம் பிள்ளைப்பருவத்தைப் பற்றிச் சொன்னவர். அண்டை வீட்டாரின் நிலையை 2013-இல் அவர் செய்தியாளர்களிடம் விவரித்தபோது புள்ளிவிவரம் அடுக்கவில்லை. வெறுங்கை, வெறுங்கால், குளிரில் கண்ணுக்குத் தெரிந்த மூச்சு: இந்த மூன்றைச் சொன்னார்.

இந்த மூன்றையும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒருவருடைய மூச்சு புகையாய் எழுவது தெரிய வேண்டுமானால் அருகில் போய் நின்றிருக்க வேண்டும். காலில் செருப்பில்லை என்பது தெரியக் கண் தாழ்ந்திருக்க வேண்டும். தொழுகைக்கு முன் ஒளு செய்து கைகால் கழுவுவார்கள். அந்த ஈரம் உலருமுன்னே வடகடல் காற்று வந்து கடிக்கும். அப்படியே நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்வார்கள். பாங்கு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த உடலசைவுகள் அந்நியமில்லை. அதனால்தான் அவருக்கு அங்கே கூட்டம் தெரியவில்லை, குளிரும் கால்கள் தெரிந்தன.

சபையில் பேசியபோது, இது நம்முடைய பிரச்சினை இல்லையே என்றார் ஒருவர். கண்ணால் பார்த்துவிட்டேனே, பிறகெப்படி என் பிரச்சினை இல்லாமல் போகும் என்பது பூபாலனின் நிலை. வேதவசனம் காட்டி வாதாடியிருக்கலாம். அதைவிட இந்த எளிய பதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பள்ளிவாசல் தரப்பிலும் முதலில் தயக்கம் இருந்தது. இதற்குமுன் யாரும் செய்து பார்க்காத காரியமாயிற்றே. தயக்கத்தோடேதான் அழைத்தார்கள், தயக்கத்தோடேதான் வந்தார்கள். ஆலயத்தின் ஒரு பகுதி தொழுகைக்குத் திறந்தது.

தயக்கத்தோடு செய்த உபகாரம் மட்டமானது என்று நாம் எண்ணுவதுண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். கொல்லிமலையில் நடந்த ஒன்று அதற்குச் சாட்சி.

கொண்டை ஊசி வளைவுகளும் வண்டிப் பாதையும் வராத காலத்தில் அந்த மலையேறிக் குடியேறியவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி. அங்கே அவர்கள்தான் அந்நியர். 1914-இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் ஒரு சிறுவயது நினைவை எழுதியிருக்கிறார். ஒருநாள் தொழுநோயாளிகள் மூவர் வீடு தேடி வந்தார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் பாதங்களைக் கழுவி, மருந்திட்டு, கட்டுக் கட்டினார். அம்மா ஒரு கூடையில் சாப்பிடக் கொடுத்தார். அவர்கள் கூடையை விட்டுவிட்டுப் போனார்கள். பையன் அதை எடுக்கப் போனான். தொடக்கூடாது என்று அம்மா தடுத்தார். கூடையை எரித்துவிட்டார்கள்.

அந்த எரிந்த கூடையை மறைக்காமல் எழுதினாரே, அங்கேதான் என் மனம் நிற்கிறது. பயம் இருந்தது, பாதம் கழுவியதும் நடந்தது. அந்தப் பையன் வளர்ந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். உணர்விழந்த கால்களுக்குப் புண் வராத காலணி தேடி உழைத்தார். ஈவ்லின் 1974-இல் 95 வயதில் காலமாகும்வரை மலைமக்களை விடவில்லை. கொல்லிமலையில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

மீண்டும் ஸ்காட்லாந்துக்கு வருவோம். அங்கே இப்போது வழிபட வருவோர் குறைந்து, ஆலயம் ஆலயமாகப் பூட்டி விற்கிறார்கள். குடியிருப்பாகவும் மதுக்கடையாகவும் மாறியவை பல. கதவடைப்பு வழக்கமாகிவிட்ட அந்த நாட்டில்தான் கிரௌன் டெரஸின் கதவு அண்டை வீட்டாருக்குத் திறந்தது. அவ்வட்டாரப் பேராயரும் அதை ஆதரித்தார். பூபாலன் பின்னாளில் அதே ஊரின் புனித ஆண்ட்ரூ பேராலயத்துக்குத் தலைமைக் குருவானார்.