பள்ளத்தில் இருக்கிறது சூட்சுமம்

மரத்தால் செய்யப்படும் கலைப்பொருள்களில் பெரும்பாலானவை கண்ணால் கண்டு மகிழ்வதற்கென்றே அமைந்தவை. கையில் எடுத்துத் தள்ளியும் இழுத்தும், சற்றே சினந்தும், பிறகு அந்தச் சினத்துக்கு நாமே நாணியும் அனுபவிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால், அது மேல்நாட்டார் ‘பர்’ என்றும் கேரளத்தார் ஏடாகூடம் என்றும் வழங்கும் பிணைகட்டைப் புதிரேயாகும். ஆணியும் பசையும் இன்றி, திசைக்கு இரண்டாக மூன்று திசைகளில் ஆறு கட்டைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் அந்த உருவத்தைச் சீனர்கள் தங்கள் புராதனத் தச்சனான லூ பானின் பெயரால் ‘லூ பான் பூட்டு’ என்று போற்றுகிறார்கள்; ஐரோப்பாவிலோ 1698-ஆம் ஆண்டிலேயே அது ஒரு செதுக்குச் சித்திரத்தில் இடம்பெற்று, பின்னாளில் சேம்பர்ஸ் கலைக்களஞ்சியத்தின் முகப்பையும் அலங்கரித்தது.

இதன் அமைப்பை அறிந்தவனுக்கே இதன் அழகு புலப்படும். இரண்டு அலகு அகலமும் இரண்டு அலகு கனமும் ஆறு அலகு நீளமும் உள்ள ஒரு கட்டையை, இருபத்து நான்கு சிறு கனசதுரங்களின் தொகுதியாக மனத்தில் பாவித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் பன்னிரண்டு, மற்றக் கட்டைகள் வந்து குறுக்கிடும் ஸ்தானங்கள். இவற்றில் எதை வெட்டி எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதே சிருஷ்டிகர்த்தாவின் சுதந்திரம். கணக்கின்படி 4,096 வழிகள் உண்டெனினும், கட்டை இரண்டாகத் துண்டாகிவிடுபவற்றையும், திருப்பிப் பார்த்தால் ஒன்றேயாகிவிடுபவற்றையும் நீக்கினால், உபயோகமாகும் கட்டைகள் 837 மட்டுமே. ஆக, இக்கலையில் சிற்பியின் வேலை முழுவதும் பள்ளம் பறிப்பதுதான். ஆனால் எந்தப் பள்ளம் என்பதில் அவன் விவேகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பழங்காலத்து ஆறு கட்டைப் புதிர்களில் பெரும்பாலானவற்றில், பள்ளமே இல்லாத நேரான கட்டை ஒன்று சாவியாக இருந்தது. அதை உருவிவிட்டால் எஞ்சிய ஐந்தும் தாமே கலகலத்துப் போகும். உள்ளே இம்மியும் வெற்றிடம் இல்லாதவாறு கட்டைகள் இறுகப் பொருந்துமாயின், முதல் அசைவிலேயே ஏதேனும் ஒரு கட்டையோ ஒரு கூட்டமோ கழன்று வந்தாக வேண்டும் என்பது இதன் விதி. அதனால்தான் நெடுங்காலம் இப்புதிரை ரசிகர்கள் பொழுதுபோக்குப் பொருளாகவே மதித்து வந்தார்கள். பிற்காலத்துப் படைப்பாளிகள் செய்த புரட்சி, உள்ளே வேண்டுமென்றே வெற்றிடத்தை வைத்ததுதான். கூட்டம் நெரியும் ரயில் பெட்டியில் ஒருவர் சற்றே ஒதுங்கினாலன்றி மற்றவர் எழ முடியாததுபோல, வெற்றிடமுள்ள புதிரில் ஒரு கட்டை அரை விரல் நகர்ந்தால்தான் இன்னொன்றுக்கு வழி பிறக்கிறது. முதல் கட்டை வெளிவருவதற்கு எத்தனை அசைவுகள் தேவையோ, அதுவே அந்தப் புதிரின் நிலை என்று கணக்கிடப்படுகிறது.

இந்த உலகின் எல்லையை அளந்து காட்டியவர் அமெரிக்கக் கணித அறிஞர் பில் கட்லர். கணிப்பொறியின் துணைகொண்டு, வெற்றிடமற்ற புதிர்கள் 1,19,979 என்று அவர் கண்ட முடிவை, மார்ட்டின் கார்ட்னர் 1978 ஜனவரியில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எடுத்துரைத்தபோது, மங்கியிருந்த இக்கலை மறுபடியும் தளிர்த்தது. பிறகு 1990-இல் எல்லா வகைகளையும் எண்ணி முடித்த கட்லரின் கணக்கில், பொருந்தும் அமைப்புகள் 3,500 கோடிக்கும் அதிகம்; அவற்றுள் உண்மையில் கழற்றவும் பூட்டவும் கூடியவை 600 கோடிக்கும் குறைவே என்பது மதிப்பீடு. மற்றவை அனைத்தும், காகிதத்தில் குறையேதுமின்றிப் பொருந்தியும், கைக்கு ஒருநாளும் வசப்படாதவை! இடம் இருப்பது வேறு, அங்கே போய்ச் சேர வழி இருப்பது வேறு என்னும் உண்மையை இத்தனை ஸ்தூலமாக உணர்த்தும் பொருள் வேறொன்றை நான் அறியேன்.

நிலை உயர உயரப் புதிர் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நியூஜீலந்தைச் சேர்ந்த புரூஸ் லவ் பன்னிரண்டு அசைவுகள் வேண்டும் புதிர் ஒன்றைக் கண்டார்; ஆறு கட்டைகளில் அதுவே உச்சம் என்று கட்லரின் ஆராய்ச்சி உறுதி செய்தது. அச்சாதனையை வணங்கலாம்; என் ரசனை வேறு பக்கம் சாய்கிறது. ரம்பத்தால் குறுக்கே அறுத்தே பள்ளமிடக்கூடிய கட்டைகள் 59 மட்டுமே; மற்றவற்றில் உட்குழிந்த மூலைகளை உளிகொண்டு குடைந்தாக வேண்டும். அந்த எளிய கட்டைகளைக்கொண்டு எட்டக்கூடிய உச்சநிலை ஐந்து. கட்லரே 1980-களின் நடுவில் படைத்த ‘பில்ஸ் பாஃப்ளிங் பர்’ அந்த ஐந்தாம் நிலையில் நிற்பது. எளிய பள்ளங்களால் இத்தனை வஞ்சகம் விளைவிக்க முடியுமானால், அதுவன்றோ சாமர்த்தியம்!

கணக்கு இவ்வாறு முடிந்தாலும் கைத்திறன் முடிந்துவிடுவதில்லை. மாசசூசெட்ஸ் நாட்டுப்புறத்தில் பட்டறை அமைத்துப் பணியாற்றிய ஸ்டூவர்ட் காஃபின் இப்புதிர்களைச் சிற்பங்களாகவே கருதி, அரிய மரவகைகளைத் தேர்ந்து இழைத்தார் என்றால், மரமும் இதில் ஒரு பாத்திரம் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே பொருள். ஈரக்காற்றில் மரம் ஊதும். பொருத்தம் மிக இறுகிவிட்டால் சரியான அசைவும் பொய்யென்று தோன்றும். தளர்ந்துவிட்டாலோ, ஆசிரியர் நினையாத விதமாகக் கட்டை சுழன்று, குறுக்குவழியில் கழன்றுவிடும். எந்தக் கட்டை அடுத்து நகரும் என்பதை விரல் உணர வேண்டும், ஆனால் கண் கண்டுபிடிக்கக் கூடாது. இந்த மயிரிழை இடைவெளியே கைவினைஞனின் தராதரம்.

அவிழ்க்கிறவன் முதலில் கட்டைகளை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்திப் பார்த்து, அசைவது எது என்று அறிகிறான். அசைந்தது சிறிது போய் நின்றுவிடும். அது தோல்வியன்று, அடுத்த கட்டைக்குக் கிடைத்த அனுமதி. மீண்டும் பூட்டும்போதுதான் உண்மையான பரீட்சை: கழற்றிய வரிசையை நினைவில் வைக்காதவன், ஆறு கட்டைகளையும் மேஜைமீது பரப்பிவைத்துவிட்டு, எதை முதலில் பிடிப்பது என்றே திகைத்து நிற்பான்.

ஆதலால் முதன்முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நிலை எண்ணைப் பார்த்து மயங்காமல், எளிய பள்ளங்களும் ஒரே விடையும் சுத்தமான பொருத்தமும் உள்ள ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், கூடவே தரும் விடைத்தாளை, ஆறு கட்டைகளும் உங்கள் கையாலேயே ஒருமுறை கூடும்வரை, பிரிக்காதீர்கள்.