எந்த ஆம்பியரும் உட்காரும் பள்ளம்

மதுரையிலிருந்து திருமங்கலம், டி. கல்லுப்பட்டி வழியே ராஜபாளையம் போகும் சாலையில் இரவில் ஓடும் சரக்கு வண்டிகள் பலவற்றில், கம்பெனி கொடுத்த ஹெட்லைட் பல்பு இருக்காது. எச்4 பல்புக்குத் தர அளவு 60/55 வாட். அதைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டிக்கொள்கிறார்கள். பிளேடு ஃபியூஸ் நல்லதா கெட்டதா என்று எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு விளக்குக்கும் ஒரே ஃபியூஸ் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு 60 வாட் பல்பு, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் அளவில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஏற்றக் கூடாது என்பது பொது விதி. அதனால் 15 ஆம்பியர், அதாவது நீல நிறம், சரி. 100 வாட் ஆக்கினால் சார்ஜிங் வோல்ட்டேஜில் கிட்டத்தட்ட 18 ஆம்பியர் போகும். உடனே ஃபியூஸ் போய்விடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். போகாது. தரப்படி, எழுதிய அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலை ஃபியூஸ் நூறு மணி நேரம் தாங்க வேண்டும். 35 சதவீதம் கூடினால் பத்து நிமிடத்துக்குள் உருக வேண்டும். நம் 18 ஆம்பியர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்றைக்குத் தாங்கும், நாளை சித்திரை வெயிலில் பானெட் கொதிக்கும்போது போகும். டிரைவர் ‘ஃபியூஸ் வீக்கு’ என்று முடிவுகட்டி, பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகிவிடுவார்.

அது தடையின்றி உட்காரும். பிளேடு ஃபியூஸின் பெரிய குறை இதுதான். ஒரே சைஸில் 5, 10, 15, 30 எல்லாம் ஒரே பள்ளத்தில் பொருந்தும். தொழிற்சாலை பேனலில் உள்ள பாட்டில் ஃபியூஸில் கேஜ் ரிங் இருக்கும். பெரிய ஆம்பியர் உள்ளேயே போகாது. வண்டியில் அந்தத் தடுப்பு இல்லை, நிறம் மட்டுமே காவல். ஃபியூஸ் இருப்பது பல்பைக் காக்க அல்ல, ஒயரைக் காக்க. 15 ஆம்பியருக்குப் போட்ட ஒயரில் எங்காவது உரசி 32 ஆம்பியர் ஓடினால், 30 ஆம்பியர் ஃபியூஸ் மணிக்கணக்கில் சும்மா இருக்கும். ஒயரின் உறைதான் முதலில் உருகும்.

அதற்காகக் கண்ணாடி ஃபியூஸே மேல் என்று சொல்லிவிட முடியாது. முனைத் தொப்பிகளில் துரு ஏறும், கிளிப் தளரும். பழைய லூகாஸ் வகையில் 35 என்று அச்சிட்டிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அந்த எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள வேறு வகையை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. உருகிய ஃபியூஸில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றும் வித்தையும் கண்ணாடி காலத்துச் சொத்தே. பிளேடில் இந்தக் குழப்பம் இல்லை. எண் தலையில் தெரியும், உருகியதா என்று உடம்பிலேயே தெரியும், தாடை இறுக்கமாகப் பிடிக்கும்.

தானே மீளும் பிரேக்கர் வகையும் பிளேடு வடிவில் வருகிறது. ஷார்ட் இருக்கும்வரை விட்டு விட்டுச் சுட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் நான் அதை ஒதுக்குகிறேன். பெயரில்லாப் பாக்கெட் ஃபியூஸும் வேண்டாம். நிறம் சரியாக இருந்தாலும், உள்ளே உள்ள தகடு எழுதிய அளவில் உருகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே, பிளேடுதான். ஆனால் ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் எழுதியிருக்கும் அதே ஆம்பியர், பெயருள்ள கம்பெனி, டேஷ்போர்டில் இரண்டு ஸ்பேர். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் 100 வாட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வயலுக்குள் ஓட்ட அது வேண்டியே தீருமென்றால் பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஒரு ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 25 ஆம்பியர் ஃபியூஸ் எனத் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். பழைய ஒயரிங்கில் பச்சை ஃபியூஸ் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.