கலங்கல்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் போனால் பொத்தேரி, அடுத்தது காட்டாங்குளத்தூர். ஒரு பெயரில் ஏரி, மறு பெயரில் குளம். ஜன்னலில் தெரிவதென்னவோ பெரும்பாலும் அடுக்குமாடிதான்.

இந்தப் பக்கத்து ஏரிகளில் எனக்குப் பிடித்தது கலங்கல். கரையைவிடத் தாழ்ந்த கல்கட்டு, அவ்வளவே. நிறைந்த ஏரி கரையை உடைக்காமல் அதன்மேல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கதவும் இல்லை, காவலாளும் இல்லை.

இமயத்துப் பனி ஏரிகளுக்கும் கரை உண்டு: பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும். கலங்கல் கட்டத்தான் ஆளில்லை. 2023 அக்டோபரில், சுமார் 5,200 மீட்டர் உயரத்தில், சிக்கிமின் தெற்கு லோனக் ஏரிக்குள் கரைச்சரிவு விழுந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. வெள்ளம் சுங்தாங் அணையையே கொண்டுபோனது.

இங்கே, ஐப்பசி மழையில் கலங்கல் பாய்ந்தால் பையன்கள் கொசுவலையோடு மீனுக்கு நிற்பார்கள்.