சூட்கேஸ் துப்பாக்கியும் நாகூர்க் கதவும்

நம் சினிமாவில் கூலிக் கொலையாளிக்கு ஒரு சூட்கேஸ் கட்டாயம். மொட்டை மாடியில் திறப்பார். உள்ளே துப்பாக்கி துண்டு துண்டாகப் படுத்திருக்கும். டக், டக் என்று மாட்டி, டெலஸ்கோப்பைச் செருகி, முதல் குண்டிலேயே மந்திரி காலி. நீங்களும் பாப்கார்னோடு நம்பிவிடுகிறீர்கள்.

இதில் இடிக்கிற சமாசாரம், இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள உறவு. நாகூர்ப் பக்கம் பழைய வீடு இருந்தால் உங்களுக்கே தெரியும். கடல் காற்றோடு ஐப்பசி மழையும் சேர்ந்தால் வாசல் கதவு உப்பிக்கொண்டு நிலையில் சிக்கும். தோளால் இடித்துத்தான் திறக்கணும். பங்குனியில் அதே கதவு பரம சாது. ரைஃபிளின் கட்டையும் மரம்தானே? உப்பினால் குழலை ஒரு பக்கமாக நெம்பும். சுடும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு மாறினாலே 100 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடும்.

இதற்கு வைத்தியம் 'பெடிங்'. கட்டையில் கொஞ்சம் மரத்தைச் செதுக்கிவிட்டு, எபாக்ஸி பிசினை நிரப்பி, துப்பாக்கியின் இயந்திரப் பகுதியை அதில் பதித்து இறுகவிடுவார்கள். இரும்பில் முன்கூட்டியே மெழுகு தடவ மறந்தால் இரண்டும் ஜென்மத்துக்கும் பிரியாது! குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் தாராளமாகப் போய்வர இடம் விடுவதும் உண்டு.

ஃப்ரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' (1971) நாவலில் கொலையாளி மரமே வேண்டாம் என்று உலோகக் குழாய்களில் துப்பாக்கி செய்யச் சொல்கிறான். ஊன்றுகோலில் ஒளித்து எடுத்துப்போவதற்காக. மழைப் பிரச்னை போச்சு. காட்டுக்குப் போய் முலாம்பழத்தைத் தொங்கவிட்டு, சுட்டு, ஸ்க்ரூவைத் திருகி, மறுபடி சுட்டுப் பார்க்கிறான். கடைசி அத்தியாயத்தைவிட எனக்கு அந்தப் பக்கங்களில்தான் டென்ஷன் அதிகம். ஆனால், எல்லாவற்றையும் கழற்றி, பாரிஸில் திரும்ப மாட்டியதும் குறி இம்மி பிசகாமல் நிற்கிறதாம். அங்கே ஃபோர்சைத்தும் சூட்கேஸ்காரர்தான். டி கோல் முத்தமிடக் குனிந்ததால் குண்டு தவறுகிறதே தவிர, ஒரு மரை லூஸாக இருந்ததால் இல்லை.

நம் டைரக்டர் யாராவது மழை நாளில் குறி ஒரு சாண் தப்புகிற மாதிரி சீன் வைக்கட்டும். கொலையாளி நல்ல ஆசாரியைத் தேடி அலைகிற இரண்டாம் பாதிக்கு இப்போதே டிக்கெட் எடுக்கத் தயார்.